விந்தில் மருந்து சேருகிறதா? மாத்திரை ஜன்னலில் கேட்ட கேள்விகள்

வடசென்னையில் எச்.ஐ.வி.க்கான ஒரு கூட்டு மருந்து மையத்தில், மாத்திரை வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்திருந்த மருந்தாளுநர் நான். ஜன்னலுக்கு முன்னால் நிற்பவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அவருக்குப் பின்னால் வரிசை நெளியும். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குத் திரும்ப வேண்டியவர், மணலியில் ஷிப்டுக்கு ஓட வேண்டியவர், பள்ளிக்கூடம் விடுவதற்குள் வீடு சேர வேண்டியவர் என்று எல்லோருக்கும் அவசரம். அந்த ஒரு நிமிடத்தில் குரலைத் தாழ்த்திச் சிலர் கேட்டதற்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. மருந்து டோலுடெக்ராவிர் விந்தில் 7 சதவீதம்தான் சேருகிறதாமே? அப்படியானால் வைரஸ் அங்கே பத்திரமாக இருக்காதா?

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். கல்யாணம் ஆகி நான்கு மாதம். எங்கோ படித்துவிட்டு இரண்டு வாரமாகத் தூங்கவில்லை.

எண் சரிதான். விந்துத் திரவத்தில் டோலுடெக்ராவிரின் அளவு, இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ 7 சதவீதம். ஆனால் அந்த எண்ணிலிருந்து அவர் போட்ட கணக்கு தப்பு.

காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. துறைமுகத்தில் நூறு படகு நிற்கிறது. அதில் தொண்ணூற்றொன்பது கயிற்றில் கட்டிக் கிடக்கிறது, ஒன்றுதான் கடலுக்குப் போயிருக்கிறது. மீன் பிடிப்பது எது? இரத்தத்தில் டோலுடெக்ராவிரின் நிலை அதுதான். 99 சதவீதம் அல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒட்டாமல் திரியும் மிச்சம் மட்டுமே செல்லுக்குள் நுழைந்து வைரஸைத் தடுக்கிறது. விந்துத் திரவத்தில் அல்புமின் மிகக் குறைவு. அங்கே வந்து சேருவது ஏழே படகு என்றாலும், கட்டிப்போடக் கயிறு இல்லை. கட்டுப்படாத மருந்தை மட்டும் தனியாக அளந்து பார்த்தால், வைரஸை அடக்கத் தேவையான அளவைப்போலப் பல மடங்கு அங்கே இருக்கிறது.

“மொத்த அளவு” என்ற எண்ணை மட்டும் தலைப்பில் போட்டு மனிதர்களைக் கலங்கடிக்கும் எழுத்தைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

மருந்து அங்கே போவதில் என்னதான் தடை?

விதைப்பைக்கு ஒரு காவல் இருக்கிறது. விந்தணு உருவாகத் தொடங்குவது பருவ வயதில். அதற்குள் உடலின் எதிர்ப்புச் சக்தி “இது என்னுடையது, இது அந்நியம்” என்ற பாடத்தைப் படித்து முடித்திருக்கும். பிறகு புதிதாக முளைத்த விந்தணுவைப் பார்த்தால் அந்நியன் என்று தாக்கிவிடும். அதனால் செர்டோலி செல்கள் என்ற ஒருவகைச் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பிணைந்து, விந்தணு வளரும் இடத்தைச் சுற்றி மதில் எழுப்பி வைத்திருக்கின்றன. இதுவே இரத்த-விதைத் தடுப்பு. மதிலில் பம்புகளும் உண்டு. பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு, உள்ளே நுழைந்த மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும். எச்.ஐ.வி. மருந்துகளில் புரோட்டியேஸ் தடுப்பான் என்ற ஒரு வகை இதில் நன்றாக மாட்டிக்கொள்ளும்.

இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். விந்து முழுவதும் விதைப்பையிலிருந்து வருவதில்லை. வெளியே வரும் திரவத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விந்துப் பைகள் சுரப்பது. மிச்சத்தில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பி தருவது. விதையும் அதன் மேலுள்ள சுருள் குழாயும் தருவது நூற்றில் ஐந்தாறு பங்குதான். விந்துப் பைக்கும் புராஸ்டேட்டுக்கும் விதைப்பையைப்போல அத்தனை பெரிய மதில் கிடையாது.

“குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன், இனி என் மூலம் தொற்றாது” என்று பெரம்பூர்க்காரர் ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த ஆபரேஷன் விந்தணுவின் வழியை மட்டுமே அடைக்கிறது. சிகிச்சை எடுக்காதவரின் விந்தில் ஆபரேஷனுக்குப் பிறகும் வைரஸ் இருக்கும்.

எந்த மாத்திரை நன்றாகப் போகும், எது போகாது?

இன்று மையத்தில் பெரும்பாலானோர் வாங்குவது ஒரே மாத்திரையில் மூன்று மருந்து: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. இதில் முதல் இரண்டுக்கும் இந்தக் கவலையே தேவையில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், எம்ட்ரிசிடபின், பழைய சிடோவுடின் எல்லாம் ஒரே குடும்பம். இவை இரத்தத்தைவிட விந்தில் கூடுதலாகச் சேரும், பல நேரம் இரண்டு மூன்று மடங்கு. புரதத்தோடு அதிகம் ஒட்டாதவை என்பது இதற்கு ஒரு காரணம்.

மறுகோடியில் எஃபாவிரென்ஸ் இருக்கிறது. இரத்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட விந்தில் காண்பது அரிது. புரோட்டியேஸ் தடுப்பான்களான லோபினாவிர், ரிடோனாவிரும் அந்த வரிசைதான். இரண்டாம் கட்ட சிகிச்சையில் இருப்பவர்கள் சாப்பிடும் அடசனாவிர் இவற்றைவிடக் கொஞ்சம் தேவலை. நெவிரபின் பாதிக்கு மேல் சேரும். டோலுடெக்ராவிருக்கு அண்ணன் முறையான ராலெக்ராவிர் இரத்தத்துக்குச் சமமாகவோ மேலாகவோ சேருகிறது.

மருந்தாளுநர்களுக்கு மட்டும் ருசிக்கும் ஒரு செய்தி: புரோட்டியேஸ் தடுப்பான்களில் இப்போது யாரும் தராத இண்டினாவிர் மட்டும் விந்தில் தாராளமாகச் சேர்ந்தது. அது இரத்தப் புரதத்தில் 60 சதவீதம்தான் ஒட்டும். மற்றவற்றில் பெரும்பாலானவை 90க்கு மேல். கயிற்றுக் கணக்கு எத்தனை தூரம் செல்லுபடியாகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எண்கள் இருக்கட்டும். மனைவிக்குத் தொற்றவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கான ஆதாரத்தில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. பிறகு வந்த எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 ஜோடிகள் ஒன்பது நாடுகளில் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவில் அது நடந்த ஊர்கள் சென்னையும் புணேயும். மருந்தை உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011இல் தெரியவந்தது. 2016இல் வெளிவந்த இறுதிக் கணக்கில், வைரஸ் நிலையாக அடங்கியிருந்தவர்களிடமிருந்து ஒரு துணைக்குக்கூடத் தொற்றவில்லை.

அந்த ஆய்வில் பலர் சாப்பிட்டது எஃபாவிரென்ஸ். ஆமாம், விந்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சேராத அதே மருந்து.

ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு 2016இல் 888 ஜோடிகளின் கணக்கை வெளியிட்டது. ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 தடவை உறவு. வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து தொற்றியது பூஜ்யம். 2019இல் ஆணும் ஆணுமாக வாழும் 782 ஜோடிகளின் கணக்கு வந்தது. சுமார் 76,000 தடவை. அப்போதும் பூஜ்யம். யார் விந்தில் எந்த மருந்து எத்தனை சதவீதம் என்று அங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தது வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு மட்டும். 2023இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது: மருந்தைத் தவறாமல் எடுத்து, பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவர் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றவைக்கும் ஆபத்து பூஜ்யம்.

இரத்தத்தில் தென்படாதபோதும் விந்தில் எப்போதாவது வைரஸ் தென்படும் என்கிறார்களே?

உண்மை. நன்றாக மருந்து சாப்பிடும் ஆண்கள் நூறு பேரின் விந்தைச் சோதித்தால், ஐந்து முதல் பத்துப் பேரிடம் அந்த நேரத்தில் கொஞ்சம் வைரஸ் ஆர்.என்.ஏ. அகப்படலாம். அளவு பெரும்பாலும் சொற்பம். அடுத்த முறை பார்த்தால் இருக்காது. சோதனை பிடிப்பது வைரஸின் மரபுப் பொருளை. அது தொற்றும் வலிமையுள்ள முழு வைரஸ்தான் என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன பூஜ்யங்கள் எல்லாம் இந்தச் சிதறல்களையும் உள்ளடக்கியவை. ஆய்வில் இருந்த ஆண்களுக்கும் இதே உடம்புதான், இதே விந்துதான்.

அப்படியானால் விந்தையும் ஒருமுறை சோதித்துவிட்டால் நிம்மதிதானே?

வேண்டாம். வழக்கமான சிகிச்சையில் அதற்கு இடமில்லை. வைரல் லோடு எடுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள்: மருந்து தொடங்கி ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை.

சிறுநீர் போகும்போது எரிகிறது. உடம்புச் சூடாக இருக்குமோ?

நம் ஊரில் ஆண்களுக்கு எது வந்தாலும் சூடு. இளநீர் குடிப்பார்கள், நீர்மோர் குடிப்பார்கள், வெந்தயம் ஊறவைத்து விழுங்குவார்கள். வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எரிச்சல் கொஞ்சம் அடங்கும், விஷயம் மறந்துபோகும்.

எரிச்சலோடு சீழ் போன்ற கசிவு இருந்தால் அது வெட்டை நோயாக இருக்கலாம், கிளமிடியாவாக இருக்கலாம். இந்தத் தொற்றுகள் வந்த இடத்தில் வீக்கமும் வெள்ளணுக்களும் குவியும். எச்.ஐ.வி. குடியிருப்பதே அந்த வெள்ளணுக்களில். மலாவி நாட்டில் செய்து 1997இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எச்.ஐ.வி. சிகிச்சை எடுக்காத ஆண்களில் சிறுநீர்க்குழாய் அழற்சி இருந்தவர்களின் விந்தில் மற்றவர்களைவிட எட்டு மடங்கு வைரஸ் இருந்தது. அழற்சிக்கு மட்டும் மருந்து கொடுத்ததும் அது இறங்கியது.

கூட்டு மருந்தில் வைரஸ் அடங்கியவருக்கு இந்த ஆபத்து அந்த அளவில் இல்லை. பார்ட்னர் ஆய்வில் பால்வினைத் தொற்று வந்துபோனவர்களும் இருந்தார்கள், அவர்களிடமிருந்தும் எச்.ஐ.வி. பரவவில்லை. ஆனால் மருந்தை இப்போதுதான் தொடங்கியவர், மாத்திரையை அடிக்கடி விட்டவர் என்றால் இது நிஜமான ஆபத்து. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. துணையையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும்.

தாது புஷ்டிக்கு லேகியம் சாப்பிடுகிறேன். மருந்தைக் கெடுக்குமா?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. “வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று நான் மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் வெளியே வரும்.

டோலுடெக்ராவிருக்கு உலோகச் சத்துகள் ஆகாது. இரும்பு, கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் இவற்றோடு வயிற்றிலேயே பிணைந்துகொண்டு இரத்தத்துக்குள் நுழையாமல் மலத்தோடு போய்விடும். இரத்தத்திலேயே குறைந்த மருந்து விந்துக்கு எங்கிருந்து வரும்? 7 சதவீதத்துக்குக் கவலைப்பட்டவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். அயச் செந்தூரம் என்பது இரும்பு. பஸ்பங்கள் பலவற்றில் உலோகம் உண்டு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் நிற மருந்திலும் பெரும்பாலும் அலுமினியமும் மெக்னீசியமும்தான்.

நெஞ்செரிச்சல் மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ டோலுடெக்ராவிரைச் சாப்பிடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரை என்றால் சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்தே போடலாம், வெறும் வயிற்றில் சேர்க்கக் கூடாது. லேகியத்தைப் பொறுத்தவரை டப்பாவையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். டப்பாவின்மேல் எழுதியிருப்பதை நான் நம்பியதில்லை.

கடலுக்குப் போனால் பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. நடுவில் மாத்திரை தீர்ந்தால்?

தீரவிடாதீர்கள் என்பதுதான் பதில். போவதற்கு முன் மையத்தில் சொன்னால் கூடுதலாக வாங்கிக்கொள்ள வழி உண்டு. படகில் ஈரம் அதிகம். டப்பாவுக்குள் இருக்கும் சின்ன உறிஞ்சிப் பையைத் தூக்கிப் போடாதீர்கள், மாத்திரையைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகாதீர்கள். மற்றவர்கள் பார்ப்பார்கள் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள், தெரியும். ஒரு நண்பர் வைட்டமின் டப்பா ஒன்றில் மாற்றி, உறிஞ்சிப் பையையும் அதிலேயே போட்டுக்கொண்டு போவார். “என்ன மாத்திரை?” என்று கேட்டவர்களுக்குச் “சக்தி மாத்திரை” என்பார். படகில் இரண்டு பேர் ஆளுக்கொன்று கேட்டுவிட்டார்களாம், அதைச் சமாளித்ததுதான் பெரும்பாடு.

ஒருநாள் மறந்தால் குடி முழுகாது. டோலுடெக்ராவிரின் அளவு இரத்தத்தில் பாதியாகச் சுமார் 14 மணி நேரம் ஆகும். டெனோஃபோவிர் செல்லுக்குள் நாள்கணக்கில் தங்கும். நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். ஆனால் மொத்தமாக நிறுத்தினால் கதை வேறு. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் இரத்தத்தில் தலைதூக்கிவிடும், விந்திலும் கூடவே வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் சொந்த ஊருக்குப் போய்விட்டு மையத்தை மறப்பவர்களைத்தான் நான் அதிகம் திட்டியிருக்கிறேன்.

காசநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறேன். கணக்கு மாறுமா?

மாறும். காசநோய் மருந்துகளில் உள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டிவிட்டு டோலுடெக்ராவிரை வேகமாகக் கரைத்துவிடும். அதனால் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனி மாத்திரை ஒன்றைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கூடுதலாகத் தருவார்கள். காசநோய் மருந்து முடிந்த பிறகும் அந்தக் கூடுதல் மாத்திரையை இரண்டு வாரம் தொடர வேண்டும். “அதுதான் முடிந்துவிட்டதே” என்று அன்றே நிறுத்துபவர்கள் பலர்.

ஆணுறை இனித் தேவையே இல்லையா?

இதற்கு நேராகப் பதில் சொல்லப் பல இடங்களில் தயங்குவார்கள். பொறுப்பு வந்துவிடுமோ என்ற பயம். நான் நினைப்பதைச் சொல்கிறேன். மருந்து தொடங்கி ஆறு மாதமாவது ஆகி, வைரல் லோடு தென்படாத அளவுக்கு வந்து, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிற கணவனும் மனைவியும் எச்.ஐ.வி. பயத்துக்காக ஆணுறை போட வேண்டியதில்லை. வெட்டை, கிரந்தி, வேண்டாத கர்ப்பம் இவற்றை மாத்திரை தடுக்காது. அதற்காகப் போடலாம். இன்னும் ஒன்று: மையத்தில் “அடங்கியது” என்று எழுதுவது வைரல் லோடு மில்லிக்கு 1,000க்குக் கீழே வந்தாலே. “தென்படவில்லை” என்பது அதைவிடக் கீழே. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சீட்டில் எண்ணையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

குழந்தை வேண்டும். விந்தைக் கழுவ வேண்டுமாமே?

கூட்டு மருந்து சரியாக இல்லாத காலத்தில் இத்தாலியில் தொடங்கிய முறை அது. வைரஸ் இருப்பது பெரும்பாலும் திரவத்திலும் வெள்ளணுக்களிலும், விந்தணுவில் அல்ல. ஆகவே விந்தணுவை மட்டும் பிரித்தெடுத்துக் கழுவி மனைவியின் கருப்பைக்குள் வைத்தார்கள். அன்று அது பெரிய வரம். இன்று வைரஸ் தென்படாத கணவனுக்கு இயற்கையான வழியே போதும். இதற்காகப் பெரிய தொகை கேட்கும் இடத்துக்குப் போவதற்கு முன் உங்கள் மையத்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடங்கிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எப்படி நம்புவது?

தண்டையார்பேட்டை அம்மா ஒருவர் கேட்டது. கணவருக்கு எச்.ஐ.வி. என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், கணவரே சொல்லியிருந்தார். கணவரின் சிகிச்சை விவரம் எழுதும் பச்சைப் புத்தகத்தைத் திறந்து எண்ணை நான் படித்துச் சொல்லியிருந்தால் ஒரு நொடி வேலை. சொல்லக் கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் அந்தத் தகவல் கணவருக்குச் சொந்தம் என்கிறது, நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். “அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து வாருங்கள். ஆலோசகர் அறையில் அவரையே புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அன்றே நம்பிக்கை மையத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்” என்றேன்.

வந்தார்கள். அறைக்குள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து ஜன்னலில் நின்றபோது, மாத்திரை டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது அந்த அம்மாதான்.